சிவப்பு எண்ணெய் எங்கே போனது?

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. இடது கால் சும்மா இருக்கலாம். ஆனால் அந்தக் கால் செய்துவந்த வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்? அதைச் செய்வது கியர் பாக்ஸுக்குள் ஓடும் ஒரு சிவப்பு எண்ணெய்; ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், சுருக்கமாக ஏ.டி.எஃப். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்தை நோக்கிக் கொண்டுபோவது அது. எந்த கியர் விழ வேண்டுமோ அதற்குரிய கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும் அது. பல்சக்கரங்களைத் தேயாமல் காப்பதும், உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே அள்ளிச் செல்வதும் அதுவேதான். இன்ஜின் ஆயிலுக்குக்கூட இத்தனை பொறுப்பு இல்லை. ஆனாலும் வண்டியை சர்வீஸுக்கு விடும்போது இன்ஜின் ஆயிலைப் பற்றிக் கேட்பவர்கள் இதைப் பற்றிக் கேட்பது அபூர்வம்.

பெங்களூரு பிரேசர் டவுனில் இந்த எண்ணெய்க்கு ஓய்வே கிடையாது. 1898-இல் வந்த பிளேக் நோய்க்குப் பிறகு, நெருக்கியடித்துக் கிடந்த கண்டோன்மென்ட் பகுதியைத் தளர்த்துவதற்காகத் திட்டமிடப்பட்டு, 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பேட்டை இது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. 1988-இல் புலிகேசி நகர் என்று மாற்றிய பிறகும் ஊர் வாய் பழைய பெயரை விடவில்லை. ஜட்கா வண்டிக் காலத்தில் போட்ட தெருக்களில் இப்போது எஸ்யூவிகள் நிற்கின்றன. மாஸ்க் ரோட்டில் ரம்ஜான் மாத மாலைகளில், சமோசாவும் ஹலீமும் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடந்து போகிறவர் வண்டியைத் தாண்டிப் போய்விடுவார். கோல்ஸ் ரோடு, வீலர் ரோடு எல்லாம் சாயங்காலத்தில் இதே கதைதான். டாம்டாம் நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்து நெரிசல் பட்டியலில், பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. லண்டனுக்கு அடுத்து உலகிலேயே இரண்டாவது மெதுவான ஊர் என்றார்கள். மணிக்கு சுமார் இருபது கிலோமீட்டர் வேகம்!

இந்த வேகம் கார் ஓட்டுபவரின் பொறுமையைச் சோதிப்பது எல்லோருக்கும் தெரிந்தது. எண்ணெயைச் சோதிப்பது அவ்வளவாகத் தெரியாதது.

வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் இன்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்ற உருண்டையான பாகம் உண்டு. எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்குமல்லவா, அந்தத் தத்துவம்தான். இங்கே காற்றின் இடத்தில் எண்ணெய். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்றது இது. அவர் நினைத்தது காரை அல்ல, கப்பலை. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனையும் மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் உந்தியையும் இணைக்க வழி தேடினார். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது இந்தக் கன்வர்ட்டருக்குள் ஒரு சிறு கிளட்ச் பூட்டிக்கொள்ளும்; இன்ஜினும் கியர் பாக்ஸும் நேரடியாக இணைந்துவிடும்; எண்ணெய் சற்று மூச்சு விடும். ஊருக்குள் ஊர்ந்து போகும்போது அந்தப் பூட்டு பெரும்பாலும் விழுவதில்லை. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்ற, நடுவில் அகப்பட்ட எண்ணெய் கடையப்பட்டுக் கடையப்பட்டுச் சூடேறுகிறது.

சாதாரண ஓட்டத்தில் இந்த எண்ணெய் 80, 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. சூடு எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதற்கு ஒர்க்ஷாப் கையேடுகளில் ஒரு சான்று இருக்கிறது. பிரேக்கை முழுதாக அழுத்தியபடி ஆக்ஸிலரேட்டரையும் அழுத்திச் செய்யும் 'ஸ்டால் டெஸ்ட்' என்ற சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது என்று அவை எச்சரிக்கின்றன. நம் ஓட்டுநர்கள் மேம்பாலச் சரிவில் வண்டி பின்னால் உருளாமலிருக்க பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திக்கொண்டே நிற்கிறார்களே, அது அந்தச் சோதனையின் தணிந்த வடிவம்தான். ஐந்து விநாடி அல்ல, சிக்னல் மாறும்வரை. இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிட்டால் வண்டிக்கு நல்லது.

சரி, எண்ணெய் அளவு பார்க்கலாம் என்று பானெட்டைத் திறக்கும் முன் இன்னொரு கேள்வி. உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்? கிளட்ச் மிதி இல்லாத எல்லா வண்டியையும் நாம் ஆட்டோமேட்டிக் என்கிறோம். உள்ளே இருப்பவை வெவ்வேறு.

2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் வந்து, நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆட்டோமேட்டிக்கைக் கட்டுப்படியாக்கிய ஏ.எம்.டி. உண்மையில் ஒரு மேனுவல் கியர் பாக்ஸ். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் ஓர் இயந்திரக் கை செய்கிறது. அதில் டார்க் கன்வர்ட்டர் இல்லை. கியருக்குச் சாதாரண கியர் ஆயில், அந்த இயந்திரக் கைக்குத் தனியாக ஒரு ஹைட்ராலிக் திரவம். நாம் பேசும் சிவப்பு எண்ணெயை அதில் தேடக் கூடாது. பட்டையும் கூம்புத் தட்டுகளும் கொண்ட சி.வி.டி.க்கு அதற்கென்றே தயாரித்த எண்ணெய் வேண்டும். வேறு எதை ஊற்றினாலும் பட்டை வழுக்கித் தட்டுகளைக் கீறிவிடும். இரட்டை கிளட்ச் கொண்ட டி.சி.டி.யில் உலர்ந்த வகை, எண்ணெயில் ஊறிய வகை என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் எண்ணெய் வேறு. பெரும்பாலான மின்சாரக் கார்களில் ஒரே ஒரு குறைப்பு கியர்தான், அதற்கும் தனி எண்ணெய். ஆக, காரோடு வந்த ஓனர் கையேட்டைத் திறந்து, எந்த வகை, என்ன எண்ணெய் என்று இரண்டு வரி படித்துவிட்டு மேலே போவதுதான் முறை. அந்தப் புத்தகம் பல வீடுகளில் டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கிறது.

டார்க் கன்வர்ட்டர் வண்டிதான், டிப்ஸ்டிக்கும் இருக்கிறது என்றால் வேலை எளிது. ஆனால் இன்ஜின் ஆயில் பார்ப்பது போலப் பார்க்கக் கூடாது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, இன்ஜினை ஓட விடாமல் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் கிடைக்கும் அளவு தவறான அளவு. இந்த எண்ணெய் சூட்டில் கணிசமாக விரிகிறது. இன்ஜின் ஓடும்போதுதான் பம்ப் அதைக் கன்வர்ட்டருக்கும் குழாய்களுக்கும் அனுப்புகிறது. நிறுத்தினால் ஒரு பகுதி மீண்டும் அடித்தட்டுக்கு இறங்கி அளவு கூடுதலாகத் தெரியும். எனவே முதலில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, லீவரை பி-யிலிருந்து ஆர், என், டி என்று ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி நகர்த்தி, மறுபடி பி-க்குக் கொண்டுவர வேண்டும். எல்லா வால்வுகளிலும் எண்ணெய் நிறைவதற்காக இது. பிறகு இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, முழுதாகச் செருகி, மீண்டும் உருவிப் பார்க்க வேண்டும். சூடான நிலைக்கான இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் சரி. சில டிப்ஸ்டிக்கில் குளிர்ந்த நிலைக்கென்று கீழே தனிக் கோடுகள் இருக்கும். அவசரத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு நிறைந்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

விதிவிலக்கும் உண்டு. டிப்ஸ்டிக் உள்ள ஹோண்டா கார்களில் இன்ஜினைச் சூடாக்கி, அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்கிறது கையேடு. இங்கே கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

துடைக்கும் துணியிலும் கவனம் தேவை. பெங்களூரு, தமிழ்நாட்டு ஒர்க்ஷாப்களில் எண்ணெய் துடைப்பது பனியன் வேஸ்டில். அதிலிருந்து பிரியும் நூல் துணுக்கு டிப்ஸ்டிக்கோடு உள்ளே போனால், எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு பாடியின் மயிரிழைப் பாதைகளில் சிக்கிக்கொள்ளலாம். நூல் பிரியாத சுத்தமான துணி வேண்டும். அப்படியே ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும் நல்லது. தெளிந்த சிவப்பு என்றால் நலம். பழுப்பேறியிருந்தால் வயதாகிவிட்டது என்று பொருள். கறுத்து, கருகிய வாடையும் அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தீய்ந்துகொண்டிருக்கக் கூடும். பளபளவென்று உலோகத் துகள் தெரிந்தால் நேரே நல்ல மெக்கானிக்கிடம் போக வேண்டும். அங்கே ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை, திறந்து பார்க்க வேண்டியதுதான் உண்டு.

குறைந்திருந்தால் ஊற்றும் இடம் பெரும்பாலும் அந்த டிப்ஸ்டிக் குழாயே. மெல்லிய கழுத்துள்ள நீளப் புனல் ஒன்று, கையேடு சொன்ன எண்ணெய், நிறையப் பொறுமை. ஒரு தடவைக்குக் கால் லிட்டருக்கு மேல் வேண்டாம். ஊற்றி, லீவரை மறுபடி எல்லா நிலைக்கும் நகர்த்தி, மறுபடி பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம். கூடுதலாகிவிட்டால் சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரை என்றால் காற்று. காற்றை அழுத்தினால் சுருங்கும், எண்ணெயைப் போல விசையைக் கடத்தாது. கிளட்சைப் பிடிக்கும் அழுத்தம் விழுந்து, எண்ணெய் குறைந்த வண்டி எப்படி வழுக்குமோ அப்படியே இதுவும் வழுக்கும். டி-யில் போட்டும் வண்டி ஓரிரு விநாடி நகராமல் நிற்பது, இன்ஜின் உறுமினாலும் வேகம் ஏறாதது, கியர் மாறும்போது ஜெர்க் அடிப்பது எல்லாம் அளவு கூடினாலும் குறைந்தாலும் வரலாம்.

எந்த எண்ணெய் என்பதில் ஏன் இவ்வளவு கெடுபிடி? கடையில் எல்லாமே சிவப்பாகத்தானே இருக்கிறது? அந்தச் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்து அறிவதற்காகச் சேர்த்தது. உள்ளே கலந்திருக்கும் வேதிப்பொருள்கள்தான் அதன் உயிர். கிளட்ச் தகடு வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். எந்தக் கணத்தில் எவ்வளவு என்பதை இந்தச் சேர்க்கை முடிவு செய்கிறது. இதற்காக மனிதர் தேடிப்போன பொருள்களில் ஒன்று திகைக்க வைப்பது.

1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற, பெருமளவில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடுதல் விலை 57 டாலர். அந்த வரிசையில் பின்னர் 1949-இல் 'டைப் ஏ', 1960-களின் பிற்பகுதியில் 'டெக்ஸ்ரான்' என்று எண்ணெய்களுக்குத் தர வரையறைகள் வந்தன. அந்தக் கால எண்ணெய்களில் உராய்வைச் சீராக்கக் கலந்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். சூட்டைத் தாங்குவதில் அதற்கு இணையாக எதுவும் அப்போது கைவசம் இல்லை. அமெரிக்கக் குடும்பம் ஒன்று இடது காலுக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் பெருங்கடலில் ஓர் உயிர் கொல்லப்பட்டது. 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. 1973-இல் கடுமையான பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தொழிற்சாலைகள் அவசரமாக மாற்று தேடின. பாலைவனச் செடியான ஜோஜோபாவின் விதை எண்ணெய் திமிங்கல எண்ணெயை ஒத்திருந்ததால் அதன் மீது ஆராய்ச்சி பெருகியது. டெக்ஸ்ரான்-2 வந்தது, அதன் முதல் வடிவம் குளிர்விப்பானின் பற்றவைப்புகளை அரித்ததால் திருத்த வேண்டியதாயிற்று. பிறகு 1993-இல் மூன்று, 2005-இல் ஆறு. ஒவ்வொரு கம்பெனியும் தன் கியர் பாக்ஸுக்குத் தகுந்த கலவையைத் தனித்தனியே வகுத்துக்கொண்டது. டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ்.; ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாயின் பழைய பெட்டிகளுக்கு எஸ்.பி.-3, புதியவற்றுக்கு எஸ்.பி.-4. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், கெட்டித்தன்மை வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. பெங்களூரு ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "ஏ.டி.எஃப். ஒரு லிட்டர் கொடுங்க" என்று கேட்பது அரைகுறைக் கேள்வி. என்ன ரகம் என்று முழுப் பெயரையும் சொல்ல வேண்டும்.

இப்போது இந்தக் கட்டுரையின் மையக் கேள்விக்கு வரலாம். சர்வீஸ் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது, "சார், கியர் பாக்ஸ் ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, ஊத்திட்டேன்" என்று மெக்கானிக் சொன்னால் பலர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கேட்க வேண்டியது, "எங்கே போச்சுன்னு பார்த்தீங்களாண்ணா?" என்பது. இன்ஜின் ஆயில் சிறிது எரிந்து குறையும், அது இயல்பு. கியர் பாக்ஸ் மூடிய அமைப்பு. அங்கே எண்ணெய் எரிவதில்லை, செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது, அல்லது கடந்த முறை சரியாக நிரப்பவில்லை. ஒழுகும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே: அடித்தட்டின் கேஸ்கெட், அச்சுத்தண்டு வெளியே வரும் இடத்துச் சீல், குளிர்விப்பானுக்குப் போகும் ரப்பர் குழாயின் இணைப்பு, வேகத்தடையில் அடிபட்டு நசுங்கிய தட்டு. எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் மட்டும் குறைந்தால் ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். பல கார்களில் இந்த எண்ணெயின் குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே விரிசல் விட்டால் கூலன்ட்டும் எண்ணெயும் கலந்து வெளிர் ரோஜா நிறத்தில் கலங்கும். அந்தக் கலவையோடு வண்டியை ஒரு தெருகூட ஓட்டக் கூடாது.

பார்க்கிங் இடத்தில் சொட்டு விழுந்திருந்தால் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். தண்ணீராக இருந்தால் ஏ.சி.யிலிருந்து வடிந்தது. ரோஜா நிறமாக, தொட்டால் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். டொயோட்டா போன்றவற்றில் அதுவும் சிவப்புச் சாயல்தான். எண்ணெய்ப் பசையோடு சிவப்பாக இருந்தால் கியர் பாக்ஸ், அல்லது பழைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங்; அதிலும் இதே ரக எண்ணெய் ஊற்றுவதுண்டு. இரவில் ஒரு பழைய அட்டையை வண்டிக்கடியில் விரித்து வைத்தால், காலையில் சொட்டு முன்னால் விழுந்ததா, நடுவிலா என்பதும் தெரிந்துவிடும்.

டிப்ஸ்டிக்கே இல்லாத கார்கள் இப்போது அதிகம். அங்கே வீட்டு வாசலில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வண்டியை லிஃப்டில் சமமாக ஏற்றி, ஸ்கேனர் போட்டு எண்ணெயின் சூட்டைப் பார்த்து, கம்பெனி சொன்ன குறுகிய எல்லைக்குள் அது இருக்கும்போது, பல கார்களில் அது 35 முதல் 45 டிகிரி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க அடியிலுள்ள அளவு போல்ட்டைத் திறக்க வேண்டும். மெல்லிய தாரையாக வழிந்து சொட்டாகக் குறைந்தால் அளவு சரி. ஒன்றும் வராவிட்டால் ஊற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாமல், சாய்வான ரேம்ப்பில், கைச்சூட்டை நம்பிச் செய்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

இப்படி மூடி வைத்த பெட்டிகளைப் பற்றி 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை' என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. உட்படப் பல கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் சொல்லைக் கேட்பதே புத்திசாலித்தனம். கையேட்டில் 'கடும் உபயோகம்' என்று ஒரு பட்டியல் இருக்கும்: நின்று நின்று போகும் போக்குவரத்து, வெப்பம், தூசி, மலையேற்றம். பிரேசர் டவுனிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வந்து, விடுமுறைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கோ, எழுபது வளைவு ஏறிக் கொல்லிமலைக்கோ குடும்பத்தோடு போகிற கார் அந்தப் பட்டியலில் முழுதாகவே அடங்கிவிடும். மாற்றும்போது ஒரு விவரம்: அடிப் போல்ட்டைக் கழற்றினால் பழைய எண்ணெய் முழுதும் வராது, கன்வர்ட்டர் போன்ற இடங்களில் பெரும்பகுதி தங்கிவிடும். அதனால்தான் சில கம்பெனிகள் வடித்து நிரப்புவதை இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை செய்யச் சொல்கின்றன.

மழை வெள்ளம் தனிக் கதை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர் பக்கம் விலையுயர்ந்த கார்கள் மூழ்கின. சென்னை 2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலிலும் இதையே கண்டது. கியர் பாக்ஸின் மேலே காற்றுப் போக ஒரு சிறு திறப்பு உண்டு. தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டால் உள்ளே இறங்கிவிடும். கிளட்ச் தகடுகளின் மேலுறை காகித நார் கொண்டது. தண்ணீர் பட்டால் அதை ஒட்டிய பசை விடும், மேலுறை உரிந்து வரும். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இன்ஜினுக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாதபோது பம்ப் ஓடாது; சக்கரம் மட்டும் சுழன்றால் எண்ணெய் எட்டாத பல்சக்கரங்கள் உரசிக் கெடும். இழுக்கும் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கியோ, தட்டு லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த கார்கள் பிறகு பழைய கார் சந்தைக்கு வருவதும் உண்டு. பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர், வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்கும் காலை நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டியில் பல குறைகள் மறைந்துவிடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து டி-யிலும் ஆர்-இலும் போட்டுப் பார்க்கும்போது, வண்டி ஒரு விநாடிக்குள் பிடிக்கிறதா, திடுக்கென்று அடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு சர்வீஸ் பில்களை வாங்கி, கியர் பாக்ஸ் எண்ணெய் எந்த கிலோமீட்டரில், என்ன ரகம், எத்தனை லிட்டர் மாற்றப்பட்டது என்ற வரியைத் தேட வேண்டும். எண்பதாயிரம் தாண்டியும் அந்த வரி இல்லையென்றால், மாற்றுவதற்கான செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். அடுத்தடுத்த பில்களில் 'டாப் அப்' என்று மட்டும் திரும்பத் திரும்ப இருந்தால், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.